எனக்குப் பகை தக்காளியோடு, அதன் குடும்பத்தோடு இல்லை

"கொஞ்சூண்டு தக்காளிதான், அரைச்சு விட்டிருக்கேன், தெரியவே தெரியாது." விருந்துக்குப் போன வீட்டில் அன்பாகத்தான் சொன்னார்கள். நாக்குக்குத் தெரியவில்லை, உண்மை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுக்குத் தெரிந்தது.

இது அலர்ஜி இல்லை. அலர்ஜி என்றால் உதடு வீங்கும், மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும்தான். வெளியே தெரியாத உபாதை என்பதால் "பிகு பண்றான்" என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

தக்காளி, கத்தரி, உருளை, மிளகாய், குடைமிளகாய் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், மொத்தமாக நிறுத்து என்று யாரோ சொல்ல, எட்டு மாதம் நிறுத்தினேன். சந்தேகத்துக்கு மிளகையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும்கூட ஒதுக்கினேன். இரண்டும் அந்தக் குடும்பமே இல்லை! அதைவிடக் கூத்து, தெம்புக்கு என்று தினமும் விழுங்கிக்கொண்டிருந்த அஸ்வகந்தா அசல் அந்தக் குடும்பம்.

நடுவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து, 'ஒத்துக்கொள்ளாத உணவுகள்' என்று நீளப் பட்டியல் வாங்கி வந்தேன். தண்டச் செலவு. அவர்கள் பார்த்த ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம், அந்த உணவை நாம் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும்.

கடைசியில் உணவியல் நிபுணர் ஒருவர் சொன்னபடி, மூன்று வாரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக, மூன்று மூன்று நாள் சாப்பிட்டு எழுதி வைத்தேன். உருளை: ஒன்றுமில்லை. கத்தரி: ஒன்றுமில்லை. தக்காளி: இரண்டாம் நாளே எரிச்சல். மிளகாய்: கேட்கவே வேண்டாம். தக்காளியில் புளிப்பு அமிலம். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளையே தூண்டிவிடுகிறது (அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு). இரண்டும் வேறு வேறு காரணம். இதில் உருளைக்கிழங்கு என்ன பாவம் செய்தது? பச்சை பாய்ந்த, முளைவிட்ட கிழங்கு வேறு கதை. அதில் சோலனின் என்ற நச்சு ஏறியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. அது யாருக்குமே ஆகாது.

இந்தக் காய்களை விட்டதும் மூட்டுவலி குறைந்தது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. உறுதியான ஆதாரம் இல்லைதான், ஆனால் வலி அவர்களுடையது. எல்லோரும் விட்டுவிடுங்கள் என்று உபதேசம் பண்ணும்போதுதான் கோபம் வருகிறது.

போன வாரம் அதே வீட்டில் மறுபடி விருந்து. தக்காளி சேர்க்கும் முன்பே எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்திருந்தார்கள். கண் கலங்கிவிட்டது. பாதி, அதிலிருந்த மிளகாயால்.