பகடையை மாற்றினால் உலகமும் மாறும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒவ்வொரு முயற்சியும் பலிக்குமா என்பதைப் பகடை உருட்டி முடிவுசெய்யும் கதை விளையாட்டில், சொந்தமாக ஓர் உலகத்தை உருவாக்கி ஆடுபவர்கள் முதலில் வரைபடத்தை முழுதாக வரைந்துவிட வேண்டும், விதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த உலகத்தின் குணத்தை ஆட்ட விதிதான் தீர்மானிக்கிறது. இந்த வகையில் பிரபலமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தைப் போல ஒற்றை இருபது முகப் பகடையை உருட்டினால் 1, 11, 20 எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு, 5 சதவீதம். இரண்டு ஆறு முகப் பகடைகளைக் கூட்டினால் அப்படியில்லை. மொத்தம் 36 சேர்க்கைகளில் ஆறில் 7 வரும், ஒன்றில்தான் 12 வரும்.

எங்கள் குழு ஒரு தீவுக்கூட்டத்தை உருவாக்கி ஆடியது. முப்பது வருடம் கடலில் கிடந்த படகோட்டி, காற்றே இல்லாத காலையில், 1 விழுந்த ஒரே காரணத்துக்காகப் படகைக் கவிழ்த்தார். மேசையில் ஒருவராலும் அதை நம்ப முடியவில்லை. இரண்டு பகடைக்கு மாறினோம். ஓரத்து எண்கள் அரிதாகிவிட்டதால், பாத்திரத்தின் திறமைக்காகப் பகடை எண்ணோடு கூட்டிய +2 உண்மையிலேயே எடையுள்ளதாக ஆனது.

வரைபடமா? ஒரு துறைமுகம், அணைந்து கிடந்த ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான் வரைந்திருந்தோம். "விளக்கை அணைத்தது யார்?" என்று ஒரு ஆட்டக்காரர் கேட்டார். வடக்குத் தீவு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.