எங்க வீட்டு ஊஞ்சலுக்கே காப்பிரைட் கேட்டாங்க

ஈரோட்டுல என் தங்கச்சி மூணு வருஷமா ஆன்லைன்ல காட்டன் நைட்டி விக்கிறா. ஸ்டுடியோ எல்லாம் கிடையாதுங்க, வீட்டு ஹால்ல ஊஞ்சல் பக்கத்துல சித்தி பொண்ண நிக்க வெச்சு நான் போன்ல எடுத்த போட்டோதான் எல்லாமே. தீபாவளிக்கு பதினஞ்சு நாள் இருக்கறப்ப ஒரு நாள் காலைல பாத்தா சைட்ல நல்லா ஓடிட்டிருந்த நாலு லிஸ்டிங்க (பொருள விக்கப் போட்ட பக்கம்) காணோம், இன்னொருத்தரோட காப்பிரைட்ட மீறிட்டீங்கன்னு மெயில். கம்ப்ளெயின்ட் குடுத்தது யாருன்னா, ஆறு மாசமா அதே போட்டோவ சுட்டு நாப்பது ரூபா கம்மியா வித்துட்டிருந்த ஆளு. போட்டோல பின்னாடி தெரியறது எங்க தாத்தா செஞ்ச ஊஞ்சல்!

அப்பீல் போட்டா, போட்டோ வாங்குன பில் அனுப்புங்கன்னு கேக்குறாங்க. சொந்தமா எடுத்த போட்டோவுக்கு எங்கிருந்து பில் வரும்? போட்டோவுக்கு காப்பிரைட் எடுத்த நிமிஷமே வந்துரும், ரிஜிஸ்டர் பண்ணணும்னு கூட சட்டத்துல இல்ல (கறாரா பாத்தா அது தங்கச்சிக்கு இல்ல, எடுத்த எனக்குத்தான், அத இப்ப சொன்னா அடி விழும்).

சைட்டுக்காரங்க ஏன் இப்படி உடனே தூக்குறாங்கன்னா, ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 79ஆவது பிரிவுல அவங்க வெறும் இடைத்தரகர், செல்லர் பண்ற தப்புக்கு பொறுப்பில்ல, ஆனா தெரிஞ்சும் தூக்காம விட்டா அந்தப் பாதுகாப்பு போயிரும்னு பயம். தூக்குனா அவங்களுக்கு என்ன நஷ்டம், கஸ்டமர் அதே சைட்ல பக்கத்து கடைல வாங்கப்போறா. இதவிட கூத்து, ஒருத்தர் லிஸ்டிங்க்ல இன்னொரு செல்லர் ஒட்டிக்கறதுக்கு வசதியே வெச்சிருந்தாங்க. 2022 ஆகஸ்ட்ல ஃபிளிப்கார்ட் மேல வந்த வழக்குல, அனுமதி இல்லாம அடுத்தவன் பேரையும் போட்டோவையும் எடுத்து இப்படி ஒட்டிக்க விடக்கூடாதுன்னு டெல்லி ஹைகோர்ட் சொல்லுச்சு.

ஆனா ஒண்ணு, உண்மைய ஒத்துக்கணும். அந்த நைட்டியோட பிரிண்ட் எங்களது இல்ல. சந்தைல எடுக்கற துணி, அதே பூ சூரத்துலயும் இருக்கும். டிசைன் சட்டத்துல ரிஜிஸ்டர் பண்ணாத டிசைன 50 பீசுக்கு மேல மெஷின்ல அடிச்சுட்டா அதுக்கு காப்பிரைட்டும் நிக்காது. அதனால அந்தாளு அவரே போட்டோ எடுத்து அதே நைட்டிய வித்திருந்தா எங்களால வாய தொறக்க முடியாது. செல்லர் குரூப்ல டிசைன திருடிட்டான்னு கத்தறவங்க பாதிப்பேரு கைல ஒரு பேப்பரும் இருக்காது.

பொய் கம்ப்ளெயின்ட்டுக்கு சட்டத்துல வழி இல்லாம இல்ல, ஆதாரமில்லாம மிரட்டுனா காப்பிரைட் சட்டம் 60ஆவது பிரிவு, ட்ரேட்மார்க்குக்கு 142, கேஸ் போட்டு நஷ்டஈடு கேக்கலாம். நாலு நைட்டிக்கு எவன் வக்கீல் வெப்பான், அது அந்தாளுக்கும் தெரியும். எங்கிட்ட பில் கேட்ட சைட்டு கம்ப்ளெயின்ட் பண்ணுனவன்கிட்ட ஒரிஜினல் ஃபைல கேட்டிருந்தா, தேதிய பாத்தே அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். பொய்னு தெரிஞ்சா அவன் அக்கவுண்ட்ட ஒரு மாசம் மூடி வைங்க, யாரும் இந்த வேலைக்கு வரமாட்டாங்க.

லிஸ்டிங் திரும்பி வந்துச்சு, தீபாவளி முடிஞ்சு நாலாவது நாள். நைட்டி மூட்டையோட ஹால்ல கிடக்கு. கடை பேருக்கு 4,500 ரூபா கட்டி ட்ரேட்மார்க் அப்ளிகேஷன் போட்டாச்சு. அந்தாளு லிஸ்டிங் இன்னும் ஓடுது, எங்க ஊஞ்சலோட.