ஒத்திருப்பதும் ஒன்றியிருப்பதும்

அண்டை நாடுகளுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பதிவுகளில் "எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது" என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. இலங்கையில் புட்டும் இடியாப்பமும் கிடைக்கின்றன, நேபாளத்தில் எங்கு திரும்பினாலும் சிவன் கோயில் இருக்கிறது, ஆகவே நாம் எல்லாரும் ஒன்று என்று முடித்துவிடுகிறார்கள். கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்துக் களியக்காவிளைப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. ஒத்திருப்பது உண்மைதான், ஆனால் அதிலிருந்து ஒற்றுமை தானாக விளைந்துவிடாது.

எங்கள் பகுதியையே பாருங்கள். தேங்காயெண்ணெய்ச் சமையல், பயறும் பப்படமும் சேர்ந்த புட்டு, சித்திரை முதல்நாள் விடியலில் கனி காண்பது, பெரியவர்களிடம் கைநீட்டம் என்னும் புத்தாண்டுக் காசு வாங்குவது என்று எல்லைக்கு இருபுறமும் வாழ்க்கை பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று கோரியவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தது. அதன் பிறகும் இங்குள்ள பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சரஸ்வதி தேவியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள், களியக்காவிளையில் கேரளப் போலீசார் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். பக்தி மட்டும் இருந்தால் இது நடந்துவிடாது. இரண்டு அரசுகளும் ஒவ்வோர் ஆண்டும் பேசி, பாதுகாப்பும் வழிநடையும் ஒழுங்குசெய்து நடத்துகிற காரியம் இது.

இந்தப் பின்னணியோடு இலங்கையின் தென்கோடியிலுள்ள கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் போகிறவருக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. முருகன் வள்ளியைத் தேடி வந்து மணந்த மலை எங்கள் வேளிமலைதான் என்பது எங்கள் நம்பிக்கை; பங்குனித் திருக்கல்யாணத்தில் வள்ளியின் குறவர் கூட்டத்தோடு நடக்கும் சண்டையைக் கூட நடித்துக் காட்டுவார்கள். கதிர்காமத்தாரும் தங்கள் ஊரைப் பற்றி அதையே சொல்கிறார்கள்; வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்பது அங்குள்ள வேடர்களின் நம்பிக்கை. (வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைக்காரர்கள் எங்கள் இருதரப்பையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது தனிக்கதை.) ஆனால் சந்நிதியில் நின்றால் வேறுபாடு முகத்தில் அறைகிறது. நம் கோயில்களில் அபிஷேகமும் அலங்காரமுமாய்த் திருவுருவைக் கண்குளிரக் கண்டு பழகியவருக்கு, அங்கே முன்னால் தொங்குவது திரைச்சீலையே. உள்ளே இருப்பதைப் பூசை செய்யும் சிங்களக் கப்புறாளைகளைத் தவிர வேறு எவரும் பார்ப்பதில்லை. பழத்தட்டு ஏந்தி வரும் சிங்கள பௌத்தர்கள் முருகனை வணங்கிவிட்டு அருகிலுள்ள கிரி விகாரைக்குப் பூக்கொண்டு போகிறார்கள். அதே வளாகத்தில் பள்ளிவாசலும் உண்டு. ஆடித் திருவிழாவில் ஊர்வலம் முருகன் சந்நிதியிலிருந்து வள்ளியம்மன் சந்நிதிக்குச் செல்கிறது. "நம்ம முருகன் கோயில்தானே" என்று அரைமணி நேரத்தில் கும்பிட்டுத் திரும்புகிறவர் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை.

கண்டியிலும் இப்படித்தான். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள மாளிகைக்கு அருகிலேயே பத்தினித் தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறது. அவள் நம் கண்ணகி. கிழக்கிலங்கைத் தமிழர்கள் அவளையே கண்ணகி அம்மனாக வழிபடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டையும் சிங்களரும் தமிழரும் ஒரே நாட்களில்தான் கொண்டாடுகிறார்கள். இத்தனை பொதுமை இருந்தும், 1983 முதல் 2009 வரை அந்தத் தீவில் நடந்தது என்ன என்று நமக்குத் தெரியும். ஒரே தெய்வத்தைக் கும்பிட்டதும் ஒரே நாளில் பாற்சோறு பொங்கியதும் எந்த ஊரையும் காப்பாற்றவில்லை. மொழியுரிமை, கல்வி, நிலம் ஆகியவற்றில் நியாயமான ஏற்பாடு இல்லாத இடத்தில் பண்பாட்டு ஒற்றுமை தனியாக நின்று ஒன்றும் செய்யவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நேபாளத்திலிருந்து ஓர் எதிர்ச்சான்று. காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலில் மூலவர் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து செல்பவர்கள். 2008–09இல் அவர்களுக்குப் பதிலாக நேபாளிகளை அமர்த்த அப்போதைய அரசு முயன்றபோது எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கு நடந்தது, கடைசியில் பழைய முறையே நின்றது. உள்ளூர்க்காரர்களின் கோரிக்கையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பிணக்கு பேச்சிலும் நீதிமன்றத்திலும் தீர்ந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கான வழியையும் கேட்க வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 2011இல் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள்; அதுவும் இடையில் நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது. குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து கதிர்காமம் போக விரும்புகிறவர்கள் நாகப்பட்டினம் வரை வடக்கே ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, தீவின் தென்கோடிக்குப் பயணம் செய்வது வீண் அலைச்சல். தூத்துக்குடிக் கப்பலை, சாதாரண மக்களால் கொடுக்க முடிகிற கட்டணத்தில், மறுபடியும் ஓடச் செய்ய வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும்.