சுடுதள விசாரணை: மண்மேட்டுக்குப் பின்னால் பாருங்கள்

பிரிட்டிஷ் காலத்தில் சுடுதளத்துக்கு (சிப்பாய்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) நிலம் எடுக்கும் முன் கலெக்டர் ஊராரை விசாரித்தார் என்று, அதைப் பற்றிய கட்டுரை ஒன்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. எந்த ஆண்டு என்பதுதான் முக்கியம். 1894 நிலமெடுப்புச் சட்டம் முதலில் வந்தபோது, 'நிலத்தையே எடுக்காதே' என்று சொல்ல உரிமை கிடையாது. 9ஆம் பிரிவின்படி கலெக்டர் அனுப்பும் நோட்டீசுக்குப் பதில் சொல்லும்போது அளவு, நஷ்டஈடு, யாருக்குப் பணம் என்பதைப் பற்றி மட்டுமே வாதாடலாம். 1923 திருத்தத்தில் 5ஏ பிரிவு வந்த பிறகுதான் 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, நேரிலோ வக்கீல் வைத்தோ பேச முடிந்தது. அப்போதும் கலெக்டர் அறிக்கைதான் அனுப்புவார், முடிவு அரசாங்கத்துடையது. 17ஆம் பிரிவின் 'அவசரம்' போட்டால், தரிசும் சாகுபடி நிலமும் அந்த விசாரணைகூட இல்லாமல் போகலாம்.

இன்னொன்று. தகராறு பெரும்பாலும் சுடும் இடத்தைப் பற்றியதல்ல. .303 அங்குல ராணுவத் துப்பாக்கியின் தோட்டா ஏறக்குறைய 3 கி.மீ. போகும், இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைத் தாண்டினாலோ, கல்லில் பட்டுத் தெறித்தாலோ வயலில்தான் விழும். மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய துப்பாக்கிக்கு அளந்த தளங்கள் 1888க்குப் பிறகு வந்த லீ-மெட்ஃபோர்டு என்ற .303 துப்பாக்கிக்குப் போதாமல் போனது இதனால்தான். ஆனால் அந்த அபாயப் பகுதியை விலைக்கு எடுத்தால் சந்தை விலையோடு 15 சதவீதம் கூடுதலாகத் தரவேண்டியிருந்தது. சிவப்புக் கொடி ஏற்றி ஆளை விலக்குவது மலிவு! தளத்துக்கு வெளியே திறந்த நிலத்தில் நடக்கும் களச்சுடுதலுக்கு 1938இல் தனிச்சட்டமே போட்டார்கள்: நிலம் உங்களுடையதாகவே இருக்கும், சுடும் நாளில் நீங்கள் அங்கே இருக்கக்கூடாது. ஆவணம் தேடுகிறவர்கள் எடுத்த சர்வே எண்களோடு நிற்காமல், வரைபடத்தில் அபாய எல்லை எந்த ஊர் வரை போகிறது என்றும் பாருங்கள்.