சிறு ப்ரூவரியை எடைபோட அதன் பிட்டரைக் குடியுங்கள்

இங்கிலாந்தில் ஒரு சிறு ப்ரூவரியின் பப்புக்குப் போகிறவர்கள், பலகையில் இருப்பதிலேயே வீரியமான ஐபிஏ வகை பீரைக் கேட்டு வாங்கிவிட்டு, ஆங்கிலேயரின் பழைய வகை பீரான பிட்டரைக் கிழவர்கள் குடிக்கும் பீர் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு. 7% ஆல்கஹாலும் கைநிறைய ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட பீரில் சின்னச் சின்னக் குறைகள் மறைந்துவிடும். சாதாரண பிட்டர் 3.2 முதல் 3.8%, பெஸ்ட் பிட்டர் ஏறக்குறைய 4.6% வரை. இவ்வளவு மெலிந்த பீரில் எதையும் மறைக்க முடியாது. காய்ச்சுகிறவரின் கை சுத்தமும் பொறுமையும் அதில்தான் தெரியும்.

முதலில் வெப்பநிலை. காஸ்க் பிட்டர், அதாவது பீப்பாயிலிருந்து இறைத்துத் தரும் பிட்டர், வடிகட்டாமல், உயிருள்ள ஈஸ்டோடு பீப்பாய்க்குள் போகிறது. கடைசி நொதிப்பு அங்கேதான் நடக்கிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை என்பதால், அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லாகர் பீரில் இருப்பதில் பாதி அளவுதான். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் அதற்குச் சரி. 5 டிகிரிக்குக் குளிரவைத்தால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பிஸ்கட் வாசமும் ஈஸ்ட் தரும் பழ வாசமும் அடங்கிப்போய், கசப்பு மட்டும் தனியாக நிற்கும். பாட்டிலில் வாங்கினால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். அடியில் வண்டல் இருந்தால் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றி, கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

கிளாஸ் வந்ததும் மூக்குக்குத்தான் முதல் வேலை. ஃபகிள், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் போன்ற ஆங்கில ஹாப்ஸில் மண், மூலிகை, பூ, தேன் சாயல் வரும். சிட்ரா என்ற அமெரிக்க ஹாப்ஸ் போட்டு மாம்பழமும் எலுமிச்சையும் மணக்கிற பீர் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதை பிட்டர் என்று விற்பதை நான் ஏற்கமாட்டேன். வாயில் வைத்ததும் மால்ட் முன்னே வரவேண்டும், நடுவில் ஹாப்ஸ் எழவேண்டும், விழுங்கியபின் நாக்கு உலர்ந்து அடுத்த வாய்க்கு ஏங்கவேண்டும். 1960களில் கேம்பிரிட்ஜில் உருவான மாரிஸ் ஆட்டர் பார்லியை, விலை கூடுதல் என்றாலும், சில ப்ரூவரிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மால்ட் சுவைக்காகத்தான்.

இனி குறைகள். வெண்ணெய் வாசம் தூக்கலாக இருந்து, வாய்க்குள் வழவழப்பாகப் படிந்தால் அது டையாசிட்டைல். நொதிப்பின்போது உருவாகும் இதை, இன்னும் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் விட்டால் ஈஸ்டே தின்று தீர்த்துவிடும். தொட்டி காலியாகவேண்டும் என்ற அவசரத்தில் முன்கூட்டியே குளிரவைத்தால், வேகமாக அடியில் படியும் ஆங்கில ஈஸ்ட் வேலையைப் பாதியில் விட்டுவிடும். லேசாக இருந்தால் ஆங்கில மரபில் அதற்கு இடமுண்டு, அதற்கு மேல் கூடாது. ஆஸ்பத்திரி மருந்து வாசம் வந்தால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரின் நீக்கப்படவில்லை, அல்லது சுத்தம் செய்த ரசாயனம் சரியாக அலசப்படவில்லை. இவை இரண்டும் ப்ரூவரியின் பொறுப்பு.

புளிப்பு அப்படியல்ல, அது பப்பின் பொறுப்பு. ஒவ்வொரு பைன்ட் இறைக்கும்போதும் அந்த இடத்தை நிரப்பக் காற்று பீப்பாய்க்குள் போகிறது. திறந்து மூன்று நாளைக்குள் தீரவேண்டும். 9 காலன் கொண்ட ஃபர்கின் பீப்பாய் என்றால் 72 பைன்ட். அவ்வளவு விற்காத பப், அதில் பாதி கொள்ளும் ‘பின்’ (pin) என்ற சிறு பீப்பாயை வாங்கவேண்டும். இரண்டு கைப்பம்புக்கே வியாபாரம் இருக்கும் இடத்தில் ஆறு பம்பு வைத்தால் வினிகர்தான் கிடைக்கும். நாளின் முதல் பைன்ட்டில் ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய பீர் வரும். அதை இறைத்துக் கொட்டாத பப்பில் நல்ல பிட்டரும் கெட்டுப்போகும்.

கலங்கலைப் பார்த்ததும் குறை சொல்லிவிடாதீர்கள். மீன் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்த்துத்தான் காஸ்க் பீரை வழக்கமாகத் தெளியவைக்கிறார்கள். அதைத் தவிர்க்கும் ப்ரூவரிகளும் உண்டு, பலகையில் அப்படிப் போட்டிருந்தால் மங்கல் இயல்பு. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்ப் பாணி பிட்டரில் தீக்குச்சி உரசியது போன்ற லேசான கந்தக வாசமும் குறையல்ல. அந்த ஊர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் ஜிப்சம் என்ற தாதுவோடு சேர்ந்தது அது. ஹாப்ஸின் கசப்பை உலர்வாக, கூர்மையாக நிறுத்துவதும் அந்த ஜிப்சம்தான்.

2023 ஆகஸ்ட் முதல் பிரிட்டனில் 3.5 சதவீதத்துக்குக் கீழே வரி குறைவு என்பதால் சிலர் பிட்டரை 3.4க்கு இறக்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஒழுங்காகச் செய்தால் சரி. மால்ட்டை 68, 69 டிகிரியில் ஊறவைத்தால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி, பீரின் கனம் வாயில் நிற்கும். பழைய செய்முறையில் மால்ட்டை மட்டும் குறைத்தால் தண்ணீர்தான்.

புளித்த பைன்ட் வந்தால் இரண்டு வாய்க்குள் கவுன்டரில் திருப்பிக் கொடுங்கள். நல்ல பப் மறுபேச்சில்லாமல் மாற்றித் தரும். அந்தப் புளிப்புக்கு ப்ரூவரியின் பெயரில் ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள்.