ஒரு தேங்காய் என்றால் எவ்வளவு?

தேங்காய் டொபிக்கு மாமியிடம் அளவு கேட்டேன். "ஒரு தேங்காய், ரெண்டு பேணி சீனி" என்றார். எந்தத் தேங்காய்? கல்லடியில் வாங்கியவற்றைத் துருவித் தராசில் வைத்தேன்: ஒன்றில் 310 கிராம் பூ, இன்னொன்றில் 190. (விலை என்னவோ ஒன்றுதான், அது வேறு வயிற்றெரிச்சல்.) சரி, பேணி என்றால் தகர டப்பா, ஆனால் ரின்பால் பேணியா, மாப்பேணியா? "வீட்டில கிடக்கிற பேணிதான்!"

போன தடவை டொபி இறுகவே இல்லை, கரண்டியால் அள்ளித் தின்றோம். இந்தத் தடவை அம்மிக்கல். தராசை எடுத்தாலே மாமிக்குச் சிரிப்பு. "நகைக்கடையா வச்சிருக்கிறாய் மகள்? எல்லாம் கைக்கணக்குத்தான்."

அந்தக் கையை நான் யாரிடம் கடன் வாங்குவது? அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை போட்டுக் கிண்டும் தொதல் பற்றிக் கேட்கவே பயம். அதற்கு அளவு, "எண்ணெய் பிரியுமட்டும் கிண்டு."