நார்மல் கப் என்றால் எந்தக் கப்?

"ஒரு கப் கடலை மாவு, ரெண்டு கப் சர்க்கரை, ரெண்டு கப் நெய், அவ்ளோதான் மைசூர்பாகு!" வீடியோவில் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். சரி தாயே, எந்தக் கப்? அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

வீட்டில் தராசு இருக்கிறதே, எடை போட்டுவிடலாம் என்று தேடினேன். '1 கப் = 250 கிராம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது. நம்பித் தொலைத்தேன். கால் கிலோ கடலை மாவு, அரை கிலோ சர்க்கரை, அரை கிலோ நெய். நெய் விற்கிற விலை உங்களுக்கே தெரியும். கிளறக் கிளற மாவு நெய்யைக் குடித்துக்கொண்டே இருந்தது. பொங்கவுமில்லை, பூக்கவுமில்லை. தட்டில் கொட்டி ஆறியபின் கத்தி இறங்கவில்லை. தோசைத் திருப்பியை நிறுத்திவைத்து, அதன் தலையில் குழவியால் தட்டி உடைத்தேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி, மணி பதினொன்று!

அந்த 250 கிராம் கணக்கு தண்ணீருக்கு ஐயா, தண்ணீருக்கு! 250 மில்லி தண்ணீர் 250 கிராம் நிற்கும். சலித்த கடலை மாவு அதே கப்பில் 100 கிராம் சொச்சம்தான் பிடிக்கும். அதாவது நான் போட்டது இரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரை 200 கிராமை ஒட்டி வரும். அவல் சர்க்கரையைவிட லேசு. ஏன், எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்று போட்டுப் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருப்பான். எண்ணெய் விற்பவனுக்குத் தெரிந்தது பட்டியல் போடுபவனுக்குத் தெரியவில்லை.

கப்பாவது ஒன்றா? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. கடையில் செட்டாகத் தொங்கும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 250. ஜப்பானில் 200. எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் கப் 180, அது ஜப்பானியர்களின் பழைய அரிசி அளவு. மைதாவை மாவு டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும், கரண்டியால் மெல்லப் போட்டுத் தலைதட்டினால் 120. கப் அதேதான், கைதான் வேறு.

அம்மாவிடம் புலம்பினால், "நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து, அரிசி தலைதட்டி, உளுந்து கோபுரமா. இதுக்குப் போய் தராசா?" என்கிறாள். அவளுக்கு என்ன, உழக்கு தொலைந்தால் சொம்பில் அளப்பாள், இட்லி அப்போதும் பூவாக வரும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அளக்கிறாளே! அதனால் எனக்குக் கப் மேல் கோபமில்லை. "ஒரு கப் மைதா, 100 கிராம் வெண்ணெய், அரை டம்ளர் பால்" என்று ஒரே கேக்குக்கு மூன்று பாஷை பேசுகிறார்களே, அவர்கள் மேல்தான். போதாததற்கு 'ஒரு ஸ்பூன் சோடா உப்பு'. தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேஜைக்கரண்டி என்றால் 15. சோடா உப்பில் மூன்று மடங்கு ஏறினால் அந்தக் கேக்கை நாய் கூட மோந்து பார்க்காது.

ஆற்றாமையில் அந்த மைசூர்பாகு அம்மாவிடமே எழுதிக் கேட்டேன், எந்தக் கப் என்று. மறுநாள் பதில் வந்தது: "நார்மல் கப்தான் சிஸ்!"

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு காபி டம்ளர், மூன்று தண்ணீர் டம்ளர், குக்கர் கப், பாட்டியின் பித்தளை ஆழாக்கு எல்லாம் இருக்கின்றன. இதில் எது சிஸ் நார்மல்?